சனி ஐம்பது, ஞாயிறு ஐம்பது

சனிக்கிழமை மழை பெய்ய 50 சதவீத வாய்ப்பு; ஞாயிற்றுக்கிழமை பெய்யவும் 50 சதவீத வாய்ப்பு. இரண்டில் ஒரு நாளாவது மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு? அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் ஆலன் பாலோஸ் 1988இல் எழுதிய ‘இன்னுமரசி’ என்ற நூலில் இந்தக் கேள்வி ஒரு வேடிக்கைக் கதையாக வருகிறது. தொலைக்காட்சியில் வானிலை வாசித்தவர் இரண்டு ஐம்பதையும் கூட்டி, வார இறுதியில் மழை 100 சதவீதம் என்று சொல்லிவிட்டாராம். படித்தவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்து முடித்ததும் சொல்ல வேண்டிய விடை கணக்கு வகுப்பில் தயாராக இருக்கிறது. இரண்டு நாளும் பெய்யாமல் போக அரை பெருக்கல் அரை, அதாவது கால். ஆகவே ஒரு நாளாவது பெய்ய முக்கால், 75 சதவீதம்.

இந்த மாதிரிக் கதைகளின் மேல் ஒரு கருத்து கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. சாமானிய மனிதருக்கு நிகழ்தகவு பிடிபடாது என்பதே அது. அவர் எண்ணைப் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கிறார், நேற்றைய மழையை நினைக்கிறார், போன வருடத்து வெள்ளத்தை நினைத்துப் பயப்படுகிறார். இந்தச் சூழல் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு எண்ணோடு மட்டும் பேசப் பழகினால் சரியாகிவிடுவார் என்று மேலாண்மைப் பயிற்சி வகுப்பு சொல்கிறது, மொழிபெயர்ப்பு உளவியல் நூல் சொல்கிறது, பத்திரிகைப் பத்தியும் சொல்கிறது. பகடை, சீட்டு, லாட்டரி ஆகியவற்றைப் பொறுத்தவரை இதில் பெரும்பகுதி உண்மை. மழையைப் பொறுத்தவரை இது தவறு. தவறு எங்கே இருக்கிறது என்பதைச் சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மழையை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில் அந்த 75. இரண்டு நாட்களும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அரையை அரையால் பெருக்கலாம். பாடநூல் இவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்கிறது. ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால், முதலில் விழுந்தது இரண்டாவதுக்குத் தெரியாது. சனிக்கிழமை மழை ஞாயிற்றுக்கிழமைக்குத் தெரியும். அந்தச் சார்பு எப்படிப்பட்டது என்று சொல்லாதவரை கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 50க்கும் 100க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு ஓரங்களும் வங்கக் கடலில் அடிக்கடி நடப்பவையே. தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகியிருக்கிறது. தமிழகக் கரைக்கு வருமா, வடக்கே ஆந்திரத்துக்குத் திரும்புமா என்பது பாதிக்குப் பாதி. வந்தால் இரண்டு நாளும் மழை, திரும்பினால் இரண்டு நாளும் வெயில். சனி ஐம்பது, ஞாயிறு ஐம்பது, இரண்டும் சேர்ந்தும் ஐம்பதுதான். இன்னொரு தாழ்வு மண்டலம் கரைக்கு வருவது உறுதி. ஆனால் மெதுவாக நகர்கிறது, சனிக்கிழமை மழை கொடுக்குமா ஞாயிற்றுக்கிழமையா என்பதுதான் தெரியவில்லை. இங்கேயும் சனி ஐம்பது, ஞாயிறு ஐம்பது. ஆனால் வார இறுதியில் மழை 100 சதவீதம். பாலோஸ் கதையில் கேலிக்கு ஆளான வாசிப்பாளர் எண்களைக் கூட்டியதற்குக் காரணம் அறியாமையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன விடை சரியாக வரும் வானிலை உண்டு. அவரைத் திருத்திய 75 சரியாக வர, கடல் நாணயம் சுண்ட வேண்டும்.

நாட்கள் ஒன்றையொன்று சாரும் என்பது கிராமத்து அனுமானம் அல்ல, அளந்து பார்க்கப்பட்டது. கே. ஆர். கேப்ரியல், ஜே. நியூமன் இருவரும் 1962இல் டெல் அவிவ் நகரத்தின் 27 மழைக்காலங்களின் தினசரிப் பதிவை எடுத்து வைத்தார்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மறுநாளும் பெய்ய 66 சதவீதம்; முந்தைய நாள் பெய்யாதிருந்தால் மறுநாள் பெய்ய 25 சதவீதம். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், எந்த ஒரு நாளிலும் மழை பெய்ய ஏறத்தாழ 42 சதவீதம் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு நாளில் ஒரு நாளாவது பெய்ய, வகுப்பறைப் பெருக்கல் 67 சதவீதம் சொல்லும், பதிவுகளின்படி 57. வாரக் கணக்குக்குப் போனால் வித்தியாசம் பூதாகரமாகிறது. ஏழு நாளும் வறண்டு போக, பெருக்கலின்படி 2 சதவீதம், உண்மையில் 10. ஏழு நாளும் தொடர்ந்து பெய்ய, பெருக்கலின்படி கால் சதவீதம், உண்மையில் மூன்றரை. ‘ஒரு மழை பிடித்தால் விடாது, விட்டால் வராது’ என்று சொல்பவரை மூடநம்பிக்கைக்காரர் ஆக்கிய கணக்குதான் பதினான்கு மடங்கு பிசகுகிறது.

டெல் அவிவின் எண்களை அப்படியே ஆவடிக்கு ஒட்டிவிட முடியாது. ஆனால் சென்னையின் நவம்பரும் ஏறத்தாழ அதே அடிப்படை விகிதத்தில்தான் நிற்கிறது. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளை மழை நாள் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட நாட்கள் சென்னையின் நவம்பரில் சராசரியாகப் பன்னிரண்டுக்குச் சற்று முன்பின். முப்பதில் பன்னிரண்டு, 40 சதவீதம். ஒவ்வொரு நாளும் தனித்தனி நாணயம் என்றால், நவம்பரில் ஒரு வாரம் முழுவதும் வறண்டு போவது நூற்றில் மூன்று. ஐந்தாறு வடகிழக்குப் பருவங்களைப் பார்த்த எவருக்கும் இது நம்பத்தகாத எண். ஐப்பசியில் நாலு நாள் கொட்டிவிட்டுப் பத்து நாள் வெயில் அடிப்பது இந்த ஊரின் சாதாரண நடப்பு. ஏனென்றால் வடகிழக்குப் பருவத்தில் மழை தனித்தனி நாளாக வருவதில்லை; மேலடுக்குச் சுழற்சி, காற்றழுத்தத் தாழ்வு, தாழ்வு மண்டலம் என்று தவணை தவணையாக வருகிறது. 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அதே பருவத்தில்தான் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் பிய்த்துப் போட்டது. 2015இலோ நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1000 மி.மீ.யைத் தாண்டியது. ஆண்டு முழுவதற்குமான சராசரியே சுமார் 1400 மி.மீ. தான்.

‘நேற்றுப் பெய்தது, இன்றும் பெய்யும்’ என்பதை அறியாமை என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானிலை அறிவியல் தன் முன்கணிப்பின் தரத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறது? நேற்றைய நிலையே இன்றும் நீடிக்கும் என்ற கணிப்போடும், அந்தத் தேதிக்கான நீண்டகாலச் சராசரியோடும். இந்த இரண்டையும் வெல்லாத கணினி மாதிரிக்குத் திறமை இல்லை என்று பொருள். ஆக, ஒரு கட்டட மேஸ்திரி கைவசம் வைத்திருக்கும் இரண்டு விதிகளும் (நேற்று எப்படி, இந்த மாதம் வழக்கமாக எப்படி) வானிலை மையம் தன் மாதிரியை அளக்கும் அதே இரண்டு அளவுகோல்கள். இதற்கு எதிர்த்திசையிலும் மேஸ்திரி யோசிக்கிறார்: ‘நாலு நாளாகக் கொட்டிவிட்டது, இனி விட்டுவிடும்.’ சூதாடியின் பிழை என்று புத்தகம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ரூலெட் சக்கரத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். தாழ்வு மண்டலத்துக்கு வயது உண்டு. கரையைக் கடந்து உள்ளே போனதும் வலுவிழக்கும். முதல் நாள் மழையின்போது ‘நாளையும் பெய்யும்’ என்பதும், கரை கடந்த மறுநாள் ‘இனி விட்டுவிடும்’ என்பதும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள். எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று எண் சொல்லாது, சூழல்தான் சொல்லும்.

இடத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவையானது. 2005இல் உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகர மக்களிடம் ‘நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்றால் என்ன பொருள் என்று கேட்டார்கள். நாளைய தினத்தைப் போன்ற நாட்களில் நூற்றுக்கு முப்பதில் மழை பெய்யும் என்பதே எதிர்பார்த்த விடை. நியூயார்க்கில்தான் பெரும்பான்மையினர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் 1965 முதலே மழை வாய்ப்பு சதவீதத்தில் சொல்லப்பட்டு வருகிறது. ஐரோப்பிய நகரங்களில் ‘நாளில் 30 சதவீத நேரம் பெய்யும்’ என்பது முன்னே நின்றது. ‘30 சதவீதப் பரப்பில் பெய்யும்’ என்பது அடுத்து வந்தது. மக்களுக்குச் சதவீதம் புரியவில்லை என்பதற்குச் சாட்சியாக இந்த ஆய்வு ஊரெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வாளர்கள் சொன்னது வேறு. எதில் முப்பது சதவீதம் என்று அறிவிப்பவர் சொல்லாமல் விட்டதுதான் குழப்பத்தின் ஊற்று என்றார்கள் அவர்கள். 1980லேயே ஆலன் மர்ஃபியும் பரூக் ஃபிஷ்ஹாஃபும் மற்றவர்களும் அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதையே கண்டிருந்தார்கள்: குழப்பம் சதவீதத்தில் இல்லை, அந்தச் சதவீதம் எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்பதில்தான்.

ஆவடிக்காரர் ஒருவர் அந்தக் கேள்வித்தாளில் ‘பரப்பு’ என்று எழுதினால் அவருக்குப் பூஜ்யம் போட முடியுமா? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மொழியே பரப்பு மொழி. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் ஒரு பகுதியிலுள்ள நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். வானொலிக் காலத்திலிருந்து தமிழ்க் காதுகளுக்குப் பழக்கமான இந்தச் சொற்கள் எங்கே பெய்யும் என்பதற்கான அளவுகள். அவற்றை அப்படிப் புரிந்துகொள்வது பிழை அல்ல, வரையறை. அமெரிக்க வானிலைச் சேவையே தன் மழை வாய்ப்பை விளக்கும்போது, மழை உருவாகும் என்ற நம்பிக்கையைப் பரப்பின் விகிதத்தால் பெருக்கிக் காட்டியதுண்டு என்பது இந்த விவாதத்தில் பொதுவாக மறக்கப்படும் செய்தி.

பரப்பைப் புரிந்தவரும் தன் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று தானே தேடிக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் கிழக்கே பழவேற்காட்டுக் கடற்கரை முதல் மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டு வரை நீள்கிறது. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது, அதே மின்சார ரயிலில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் ஆவடி திருவள்ளூரில் இருக்கிறது, பூந்தமல்லியும் அப்படியே. பூந்தமல்லிக்கு அடுத்திருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வரும்போது அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் நிறம் மாறிவிடும். மேகம் மாவட்ட எல்லை பார்த்துப் பெய்வதில்லை. இந்த நிறத்தைத் தன் ஊருக்குத் தக்கபடி கூட்டியோ குறைத்தோ வாசிப்பவர் எச்சரிக்கையை மீறுபவர் அல்லர். அதை நிறைவு செய்பவர்.

எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்பதற்கும் இந்த வட்டாரத்தில் உருப்படியான அறிவு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் மேற்கேயிருந்து இடியோடு வரும். நண்பகலில் கரையேறும் கடற்காற்று பிற்பகலில் உள்ளே நகர்ந்து வெப்பக் காற்றோடு மோதும் இடத்தில் இடிமேகம் எழும். அந்த மாதங்களில் மயிலாப்பூரில் மண் நனையாத இரவில் ஆவடியும் பூந்தமல்லியும் கொட்டக் கொட்ட நனைவது புதிதல்ல. அக்டோபருக்குப் பிறகு கதை தலைகீழ்: மேகம் கிழக்கே கடலிலிருந்து வரும், கரையோரத்தில் பின்னிரவிலும் அதிகாலையிலும் மழை உச்சத்தில் இருக்கும், உள்ளே வர வரப் பெரும்பாலும் இளைக்கும். ஆகஸ்ட் மாதத்து 40 சதவீதமும் நவம்பர் மாதத்து 40 சதவீதமும் ஆவடியில் ஒரே பொருள் தருவதில்லை. மேற்கே கருத்தால் ஆகஸ்டில் கொடியில் காயும் துணியை எடுப்பவரும், அதே கருமேகத்தை நவம்பரில் பொருட்படுத்தாதவரும் முன்னுக்குப் பின் முரணானவர் அல்லர். பாடநூல் சார்புநிலை நிகழ்தகவு என்று பெயரிட்டு ஒரு அத்தியாயம் நடத்துவதைத்தான் அவர் மொட்டை மாடியில் செய்கிறார்.

கைபேசிச் செயலி இந்த விஷயத்தில் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. மாலை 4 முதல் 8 வரை மணிக்கு மணி 30 சதவீதம் என்று நான்கு கட்டங்கள் தெரிகின்றன. பெருக்கத் தெரிந்த மாணவர் நான்கு மணி நேரத்தில் மழை பெய்ய 76 சதவீதம் என்று சொல்வார். பெருக்கத் தெரியாத அவருடைய அம்மா ‘முப்பது நாற்பது இருக்கும்’ என்பார். மாலை இடிமழை வந்தால் ஒரு மேகக்கூட்டமாக வந்து எல்லாக் கட்டங்களையும் சேர்த்து நனைக்கும், வராவிட்டால் நான்கு கட்டமும் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் அம்மாவின் கணக்குதான் உண்மைக்குக் கிட்ட.

சொற்களும் குறை சொல்லத்தக்கவையே. துறையின் ஆங்கில அறிக்கைகளில் வாய்ப்பைக் குறிக்க அடுக்கடுக்கான சொற்கள் உண்டு; முதல் படிக்கு 25 முதல் 50 சதவீதம், அடுத்ததற்கு 50 முதல் 75, கடைசிக்கு 75க்கு மேல். செய்தியாகத் தமிழில் வந்து சேரும்போது பெரும்பாலும் மூன்றும் ‘மழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்ற ஒரே வாக்கியமாகச் சப்பையாகிவிடுகின்றன. முப்பதும் எண்பதும் ஒரே சொல்லில் வந்தால், கேட்பவர் வேறு தடயங்களைத் தேடத்தான் செய்வார். பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா, ஏரி மதகைத் திறந்தார்களா, படகுகள் கடலுக்குப் போகவில்லையா? இவையெல்லாம் அறிவிப்பின் உண்மையான வலுவைக் காட்டும் அடையாளங்கள். ‘அறிக்கை மழை என்றால் வெயில் அடிக்கும்’ என்ற பழைய நகைச்சுவையும் இந்தச் சப்பையான சொல்லின் விளைபொருள்தான். முப்பது சதவீதம் என்று சொன்ன நாளில் வெயில் அடித்தால் அது பொய்த்ததாகாது. முப்பது என்று யாரும் சொல்லாததால்தான் பொய்த்ததாகத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான ஆயுதம் இணைப்புப் பிழை. உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1983இல் காட்டியது அது. வட அமெரிக்காவில் எங்கோ பெருவெள்ளம் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர் இறப்பதைவிட, கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்து அதனால் வெள்ளம் பெருகி அத்தனை பேர் இறப்பதற்கு ஆட்கள் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள். கதை கோவையாக இருந்தால் வாய்ப்பும் கூடியதாக மனம் நினைக்கிறது. நாளை ஆவடியில் 10 செ.மீ. மழை என்பதைவிட, வங்கக் கடலில் புயல் உருவாகி ஆவடியில் 10 செ.மீ. மழை என்பது நம்பத்தகுந்ததாகத் தோன்றும். தர்க்கப்படி இரண்டாவது முதலாவதை மிஞ்சவே முடியாது. இதில் ஒரு பகுதி கேள்வியைப் புரிந்துகொள்ளும் விதத்தால் வருகிறது. ‘புயல் உருவாகி மழை’ என்பதைப் ‘புயல் உருவானால் மழை’ என்று கேட்பவர் சரியான விடையைத்தான் தருகிறார். நூறு நாட்களில் எத்தனை நாள் என்று எண்ணிக்கையாகக் கேட்டால் பிழை வெகுவாகக் குறைகிறது என்பதை ரால்ஃப் ஹெர்ட்விக்கும் கிகரென்சரும் 1999இல் காட்டினார்கள். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால் மிச்சம் ஒன்று இருக்கவே செய்கிறது. ட்வெர்ஸ்கியும் கானமனும் இது வெறும் சொல் மயக்கம் என்பதை ஏற்கவில்லை; ஏற்காததற்குக் காரணமும் வைத்திருந்தார்கள். வெள்ளப் படங்கள் பார்த்து வளரும் பயத்துக்கு அந்த மிச்சம் போதும்.

அந்தப் பயமும் முழுக்க வீண் அல்ல, ஏனென்றால் மழைக்கு முன் மனிதர் கேட்கும் கேள்வி ‘எத்தனை சதவீதம்’ என்பது அபூர்வம். ‘நாளைக்குத் தளம் போடலாமா’ என்பதுதான் கேள்வி. வீட்டுக்குத் தளம் போடும் மேஸ்திரிக்கு 24 மணி நேர மழை வாய்ப்பு தேவையில்லை. காங்கிரீட் கொட்டி இறுகும் வரைதான் மழை பகை. சிமென்டின் இறுதி இறுக்க நேரம் அதிகபட்சம் 600 நிமிடம் என்பது இந்தியத் தர விதி. இறுகிய பிறகு பெய்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஆகஸ்டில் அந்த நாளுக்கு 60 சதவீதம் என்று போட்டிருந்தாலும் விடியற்காலையில் கலவை ஏற்றத் தொடங்கும் மேஸ்திரி எண்ணைப் புறக்கணிக்கவில்லை. மழை இரவில்தான் வரும், அதற்குள் வேலை முடிந்துவிடும் என்று கணக்கிடுகிறார். நவம்பரில் 30 சதவீதத்துக்கே அதே ஆள் தார்ப்பாய் இல்லாமல் தொடங்க மாட்டார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைக்குக் கணக்கு வேறு. தாழ்ந்த ஷெட்டில் இருக்கும் மோட்டாரைக் கழற்றி மேடையில் ஏற்ற, ஆள் கூலியும் நின்றுபோன வேலையுமாக 3000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் புகுந்தால் 90,000 ரூபாய் போகும். அப்படியானால் வெள்ள வாய்ப்பு முப்பதில் ஒன்றைத் தாண்டியதும் மோட்டாரை ஏற்றுவதே லாபம். மூன்றரை சதவீதத்துக்குப் பதறுபவர் கோழை இல்லை, கணக்குத் தெரிந்தவர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது இந்தத் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவருக்கு அந்த 90,000 கற்பனை எண் அல்ல.

இந்த வெளிச்சத்தில்தான் 2024 அக்டோபர் 16ஐப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் பலத்த மழை. 16ஆம் தேதிக்குச் சென்னைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 16ஆம் தேதி பயந்த மழை வரவில்லை. மறுநாள் இரண்டு கேலிகள் ஒன்றாகக் கிளம்பின: வானிலை மையம் கோட்டை விட்டது என்று ஒன்று, மக்கள் பீதியில் ஓடினார்கள் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே தவறு. மழை வராத ஒரே ஒரு நாளால் எந்தச் சதவீதமும் பொய்யாகாது. மேம்பாலத்தில் ஒரு இரவு காரை நிறுத்த ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஆகும் செலவு 2015லும் 2023லும் தெரிந்துபோயிற்று. இருபது சதவீத வாய்ப்புக்கும் அது சரியான முடிவுதான்.

சூழல் ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்ற பழமொழி நீண்டகாலச் சராசரியைச் சுருக்கிச் சொல்லும் நல்ல சூத்திரம். மார்கழி பிறந்த பிறகு 2021 டிசம்பர் 30 அன்று சென்னை அதை நம்பியிருந்தது. வானிலை மையமும் பெருமழையை எதிர்பார்க்கவில்லை. பிற்பகலில் தொடங்கிய மழை சில மணி நேரத்தில் நகரின் சில இடங்களில் 20 செ.மீ. வாக்கில் கொட்டியது. மறுநாளைக்கு மறுநாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எச்சரிக்கைத் திறனை மேம்படுத்தக் கோரி ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அன்று தோற்றது பழமொழி மட்டும் அல்ல. எண்களும் சேர்ந்தே தோற்றன. இதை வைத்துச் சூழலறிவைக் கைவிடச் சொல்வது, கடிகாரம் ஒரு நாள் நின்றதற்காகச் சூரியனையும் பார்க்காதே என்பது போல.

இதைவிடப் பெரிய ஏமாற்று, தலைக்கு மேல் உள்ள வானத்தை மட்டும் சூழல் என்று நினைப்பது. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவாயிற்று. ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளில் மழை தணிந்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ‘மழை குறைந்துவிட்டது, இனி பயமில்லை’ என்ற உள்ளுணர்வு அந்த இரவு பலரைப் படுக்கையில் பிடித்தது. அவர்களுடைய தவறு சூழலைப் பார்த்ததில் இல்லை, ஏரியைப் பார்க்காததில்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கு. கொரட்டூர்க்காரருக்குத் தன் தெருவின் மழையைவிட அம்பத்தூரின் மழை முக்கியமாகும் நாட்கள் உண்டு. எந்தச் சதவீதமும் இதைச் சொல்லாது. சங்கிலி தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய நாளில், மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் 1000 கன அடி திறக்கப்பட்டது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்தது. 60 சதவீத மழை வாய்ப்பு என்ற செய்தியை 2020இன் அந்த நாளில் கேட்ட பூந்தமல்லிக்காரர் ஆற்றோரத்து உறவினருக்குப் போன் செய்தார். 2019இன் அந்தக் கோடையில் கேட்டிருந்தால் மொட்டை மாடியில் அண்டாவை எடுத்து வைத்திருப்பார்.